லில்லியன் வால்டு அம்மையார்

நோயுற்றார்க்கு மருந்தளித்துக் காப்பது நல்லறம். நோய் வருமுன்னரே அதன் வரவை அறிந்து தடுப்பது அதனினும் சிறந்த அறம். முன்னதன் பயனை எல்லோரும் கண்ணாற் காண்பர். பின்னதன் பயனைக் காண்பவர் மிகச் சிலரே. படுக்கையிற் கிடந்தவன் எழுந்து நடந்தால் ஊரார் மருத்துவரைப் போற்றுவர். படுக்கையிலேயே விழாதவனைப் பார்த்து, இவனைக் காத்தவர் யாவர் என்று எவரும் வினவுவதில்லை. இவ்வாறு புகழ் எளிதிற் கிட்டாத பணியொன்றை வாழ்நாட் பணியாக ஏற்று, நாற்பது ஆண்டுகள் அயராது உழைத்த பெருமாட்டி ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். செவிலியர் என்போர் மருத்துவமனைக் கட்டிலருகே மட்டும் நிற்க வேண்டியவரல்லர். ஏழையின் வீட்டு வாயிலிலும் பள்ளிக்கூடத்தின் முற்றத்திலும் நிற்க வேண்டியவர் என்பதை உலகிற்கு உணர்த்திய அவரே லில்லியன் வால்டு அம்மையார்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய ஓகையோ மாநிலத்தில் சின்சினாட்டி என்னும் நகரம் உள்ளது. அந்நகரில் 1867-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் லில்லியன் பிறந்தார். அவருடைய முன்னோர் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள். தந்தையார் மூக்குக்கண்ணாடி முதலிய பொருள்களை விற்கும் வணிகர். லில்லியன் சிறுமியாய் இருந்தபோதே குடும்பம் நியூயார்க்கு மாநிலத்திலுள்ள ராச்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தது. செல்வத்திற்குக் குறைவில்லாத இல்லம். நூல்களும் இசையும் நிறைந்த இல்லம். அங்கே லில்லியன் வறுமையின் முகத்தைக் காணாமலே வளர்ந்தார்.

பதினாறு வயதில் அவர் வாசர் என்னும் புகழ்பெற்ற மகளிர் கல்லூரியிற் சேர விரும்பி விண்ணப்பித்தார். வயது போதாது என்று கூறிக் கல்லூரியார் மறுத்துவிட்டனர். அதன்பின் சில ஆண்டுகள், செல்வர் வீட்டுப் பெண்களைப் போலவே விருந்திலும் கேளிக்கையிலும் கழிந்தன. ஆயினும் அவர் உள்ளம் நிறைவு பெறவில்லை. பயனுள்ள தொழிலொன்று வேண்டும் என்ற வேட்கை அவரை வாட்டியது.

அந்நாளில் அவருடைய தமக்கையாரின் உடல்நலத்தைக் கவனிப்பதற்காகப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். அப்பெண்மணியின் திறமையும் பொறுமையும் லில்லியனின் கருத்தைக் கவர்ந்தன. தாம் தேடிய தொழில் இதுவே என அவர் துணிந்தார். 1889-ஆம் ஆண்டில் நியூயார்க்கு மருத்துவமனையைச் சேர்ந்த செவிலியர் பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்து, 1891-ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்றார். பின்னர் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றில் ஓராண்டு பணியாற்றினார். இன்னும் மிகுதியாகக் கற்க வேண்டும் என்று எண்ணி, மகளிர் மருத்துவக் கல்லூரியிலும் சேர்ந்தார். மருத்துவராகும் வழி அவருக்குத் திறந்தே இருந்தது. ஆனால் மழைநாள் ஒன்று அவர் வாழ்க்கையை வேறு வழியில் திருப்பிவிட்டது.

வாழ்வைத் திருப்பிய நாள்

நியூயார்க்கு நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில் அக்காலத்தில் ருசியா, போலந்து, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து வந்த ஏழைமக்கள் நெருக்கமாகக் குடியிருந்தனர். உயர்ந்த அடுக்கு வீடுகள். ஒவ்வோர் அடுக்கிலும் பல குடும்பங்கள். காற்றும் ஒளியும் நுழையாத அறைகள். அவ்வறைகளிலேயே சமைப்பர், துணி தைப்பர், உறங்குவர். அப்பகுதிப் பெண்களுக்கு வீட்டில் நோயாளரைப் பேணும் முறையைக் கற்பிக்கும் வகுப்பொன்றை 1893-ஆம் ஆண்டில் வால்டு அம்மையார் நடத்திவந்தார்.

மார்ச்சுத் திங்களில் ஒருநாள் மழை பெய்துகொண்டிருந்தது. படுக்கை விரிக்கும் முறையை அம்மையார் கற்பித்துக் கொண்டிருந்தபோது சிறுமி ஒருத்தி வந்து, நோயுற்றுக் கிடக்கும் தன் தாயைப் பார்க்க வருமாறு அழைத்தாள். அம்மையார் படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டு அச்சிறுமியைப் பின்தொடர்ந்தார். உடைந்த தெருக்கள், குப்பைக் குவியல்கள், நாற்றம் வீசும் மீன் கடைகள் ஆகியவற்றைக் கடந்து அவர்கள் லட்லோ தெருவை அடைந்தனர். சேறு படிந்த படிகளில் ஏறி அறைக்குள் நுழைந்த அம்மையார், அங்குக் கண்ட காட்சியால் திடுக்கிட்டு நின்றார்.

இரண்டே அறைகள். அவற்றில் எழுவர் கொண்ட குடும்பம். அவர்களோடு வாடகைக்குத் தங்கிய பிறரும் இருந்தனர். குடும்பத் தலைவன் உடல் ஊனமுற்றவன். சிறு பொருள்களை விற்பவன்போலத் தெருமுனையில் நின்று பிச்சை ஏற்பவன். அவன் மனைவி மகவீன்றபின் குருதிப்போக்குற்று, இரண்டு நாளாகத் தூய்மை செய்யப்படாத படுக்கையிற் கிடந்தாள். அம்மையார் அவளைத் தூய்மை செய்தார், படுக்கையை மாற்றினார், அறையைக் கழுவினார், குழந்தையைக் குளிப்பாட்டினார். அவர் விடைபெறும் வேளையில் அக்குடும்பத்தார் நன்றிப் பெருக்கால் அவர் கைகளை முத்தமிட்டனர். அச்செயல் அம்மையாரின் நெஞ்சைச் சுட்டது. மனிதர் இவ்வாறு வாழ இடந்தந்த சமுதாயத்தில் தாமும் ஓர் உறுப்பினர். அத்தகைய தமக்கு இவர்கள் நன்றி கூறுவதா என்று நாணினார்.

அன்றோடு அவர் மருத்துவக் கல்லூரிப் படிப்பு முடிந்தது. மக்கள் நோயுறும் இடத்திலேயே தாமும் வாழ்வது என்று அவர் உறுதி பூண்டார்.

ஏழையர் நடுவே

நியூயார்க்கு மருத்துவமனையில் உடன் பயின்ற மேரி புரூஸ்டர் என்பவர் அம்மையாரோடு சேர்ந்தார். இருவரும் 1893-ஆம் ஆண்டிலேயே ஏழையர் பகுதியில் குடிபுகுந்தனர். முதலில் ரிவிங்டன் தெருவிலிருந்த தொண்டு இல்லம் ஒன்றில் தங்கினர். சில திங்களுக்குப்பின் ஜெபர்சன் தெருவில் அடுக்கு வீடொன்றின் உச்சி மாடியை வாடகைக்கு எடுத்தனர். லோப் குடும்பத்து மூதாட்டியும், ஜேக்கப் ஷிப் என்னும் வங்கி உரிமையாளரும் பொருளுதவி புரிந்தனர். திங்கள்தோறும் எத்தனை வீடுகளுக்குச் சென்றோம், எத்தகைய துன்பங்களைக் கண்டோம் என்பவற்றை அம்மையார் எழுதி அவர்களுக்கு அனுப்பிவந்தார். பிறர் தந்த பொருளுக்குக் கணக்குக் காட்டும் அக்கடமை, பின்னாளில் நோயின் போக்கைக் கணித்தறியும் கருவியாகவும் பயன்பட்டது.

அவ்வாண்டு அமெரிக்காவில் பெரும்பொருள் முடை ஏற்பட்ட ஆண்டு. ஆலைகள் மூடப்பட்டன, வேலையிழந்தோர் தெருக்களில் திரிந்தனர். வறுமை பெருகப் பெருக நோயும் பெருகியது. செவிலியர் இருவரையும் நாடி மக்கள் மாடிப்படி ஏறி வந்தவண்ணம் இருந்தனர். 1895-ஆம் ஆண்டில் ஷிப் பெருமகனார் ஹென்றித் தெருவில் 265-ஆம் எண்ணுள்ள இல்லத்தை வாங்கி அவர்களுக்கு அளித்தார். அதுவே ஹென்றித் தெருத் தொண்டு நிலையம் என்று புகழ்பெற்றது. மேரி புரூஸ்டர் உடல்நலம் குன்றி விலக நேர்ந்தது. எனினும் புதிய செவிலியர் பலர் வந்து சேர்ந்தனர். 1906-ஆம் ஆண்டில் 27 ஆக இருந்த செவிலியர் தொகை 1913-ஆம் ஆண்டில் 92 ஆக உயர்ந்தது.

அச்செவிலியர் கையிற் கறுப்புப் பை ஏந்தி நாள்தோறும் வீடுவீடாகச் செல்வர். ஒரு வீட்டின் ஐந்தாறு மாடிகளை ஏறி முடித்தபின், இறங்கி மீண்டும் அடுத்த வீட்டில் ஏறினால் நேரம் வீணாகும். ஆகவே ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குக் கடந்து செல்வர். மருத்துவர் சொல்லி அனுப்பினால்தான் செவிலியர் செல்வது என்ற வழக்கத்தை அம்மையார் ஏற்கவில்லை. நோயாளர் வீட்டாரே நேரில் வந்து அழைக்கலாம்; அவர் எம்மதத்தவராயினும் எந்நாட்டவராயினும் செவிலியர் செல்வர். பொருளுள்ளோர் சில சென்டுகள் கொடுப்பர். இல்லாதோர் கொடுக்க வேண்டியதில்லை. இரவலர்போல் இரந்து பெறும் உதவியாக இராமல், அண்டை வீட்டார் ஒருவர்க்கொருவர் செய்துகொள்ளும் உதவியாக இருத்தல் வேண்டும் என்பதே அம்மையாரின் நோக்கம். கருநிற மக்களை இழிவாக எண்ணிய அக்காலத்தில், அவ்வினத்துச் செவிலியரையும் பணியில் அமர்த்தி, மற்றையோர்க்குரிய ஊதியத்தையே அவர்களுக்கும் அளித்தார்.

வருமுன் காத்தல்

வீடுகளுக்குள் நுழைந்த பின்னரே அம்மையாருக்கு ஓர் உண்மை புலனாயிற்று. ஒருவனுடைய நோய் அவன் உடலில் மட்டும் தொடங்குவதில்லை. அது அவன் உறங்கும் அறையிலும், பருகும் பாலிலும், வீட்டின் கழிவறையிலும் தொடங்குகிறது. நோயாளிக்கு மருந்து கொடுத்துவிட்டு அவ்வறையை அப்படியே விட்டுவருவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும். ஆகவே நோயாளியைப் பேணும் செவிலியே அவ்வீட்டிலுள்ள நலமுடையோரையும் காக்க வேண்டியவராகிறார். இத்தகைய பணியாளர்க்கு அம்மையார் பொதுச் சுகாதாரச் செவிலியர் என்று பெயரிட்டார். அப்பெயர் பின்னர் உலகெங்கும் வழங்கலாயிற்று.

காசநோய் அக்காலத்தில் நகர மக்களைப் பெரிதும் வாட்டிய கொடுநோய். ஒருவர் இருமித் துப்பும் சளியால் வீட்டார் அனைவருக்கும் அந்நோய் பரவக் கூடும். செவிலியர் காசநோயாளர் இல்லங்களுக்குச் சென்று, சளியைத் துப்புவதற்கு மூடியுள்ள கலங்களும், கிருமி கொல்லும் மருந்துநீரும் அளித்தனர். சன்னல்களைத் திறந்து வைக்கவும், நோயாளியின் உண்கலங்களைத் தனியே கழுவவும் கற்பித்தனர்.

கைக்குழந்தைகளின் இறப்பு மற்றொரு பெருந்துயரம். கோடைக்காலம் வந்தால் கெட்ட பாலாலும் வெப்பத்தாலும் வயிற்றுக் கழிச்சல் தோன்றி, குழந்தைகள் கூட்டங்கூட்டமாக இறந்தன. 1903-ஆம் ஆண்டில் ஹென்றித் தெருவில் பால் நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. தூய பால் வழங்குவதோடு, குழந்தையை வளர்க்கும் முறையும் அங்குத் தாய்மார்க்குக் கற்பிக்கப்பட்டது.

வீட்டில் செவிலியர் பேணுவதால் விளையும் நன்மையை எண்களாலும் அம்மையார் காட்டினார். 1914-ஆம் ஆண்டில் அவருடைய செவிலியர் நுரையீரல் அழற்சி கண்ட 3,535 பேரை வீடுகளிலேயே பேணினர். அவர்களுள் இறந்தவர் நூற்றுக்கு எண்மர் அளவினரே. அதே காலத்தில் நான்கு பெரிய மருத்துவமனைகளில் அந்நோயுடன் இருந்த 1,612 பேரில் நூற்றுக்கு முப்பத்தொருவர் இறந்தனர். நோய் முற்றியவரே மருத்துவமனைக்கு மிகுதியாகச் செல்வராதலின், இரண்டையும் அப்படியே ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும், நோயைத் தொடக்கத்திலேயே கண்டு வீட்டிலேயே முறையாகப் பேணுவது வீண்முயற்சியன்று என்பதை அவ்வெண்கள் விளக்கின.

பள்ளிக்கூடத்தில் செவிலியர்

அம்மையார் செய்த பணிகளுள் மாணவர் தனியே அறிந்துகொள்ள வேண்டியது பள்ளிக்கூடங்களில் அவர் செய்த தொண்டு. அதற்கு வித்திட்டவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன்.

அம்மையார் அப்பகுதிக்கு வந்த புதிதில் ஒருநாள், திறந்த கதவொன்றின் வழியே ஒரு பெண்ணைக் கண்டார். இடக்கையில் அழும் குழந்தை. வலக்கையால் அவள் இறைச்சிக் கடைக்காரரின் அழுக்குத் துணிகளைத் துவைத்துக் கொண்டிருந்தாள். அவளுடைய மூத்த மகன் அதுவரை பள்ளியிற் பயிலாதவன். பள்ளிக்குப் போகும் ஆசை அவனுக்கு மிகுதி. ஆனால் போகும்போதெல்லாம் ஆசிரியர் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவன் தலையிலிருந்த புண்ணே காரணம். இலவச மருந்தகம் கொடுத்த களிம்பு வீட்டில் இல்லாமல் இல்லை. அதனை முறையாக நாள்தோறும் தடவுவதற்குரிய அறிவும் ஓய்வுமே அத்தாய்க்கு இல்லை. அம்மையார் அக்களிம்பையே எடுத்து முறைப்படி தடவிவந்தார். புண் ஆறியது. செப்டம்பர்த் திங்களில் பள்ளி திறந்தபோது அச்சிறுவன் தன் வாழ்நாளில் முதன்முறையாக வகுப்பறைக்குள் நுழைந்தான். மருந்து இருந்தும், அதை இட்டுவிடும் கை இல்லாமையால் ஒரு சிறுவனின் கல்வி பாழாகவிருந்தது என்பதை அம்மையார் மறக்கவே இல்லை.

1897-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரச் சுகாதாரத் துறை 150 மருத்துவர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. அவர்கள் நாளொன்றுக்கு ஒருமணி நேரம் மாணவரைச் சோதிப்பர். நாளடைவில் சோதனை கடுமையாயிற்று. மாணவரின் கண், தோல், தலைமயிர் அனைத்தும் பார்க்கப்பட்டன. டிரக்கோமா என்னும் கண்ணோய், சொறி, சிரங்கு, படர்தாமரை, பேன் முதலியன இருப்பின் அம்மாணவர் வீட்டிற்கு அனுப்பப்பட்டனர். இவ்வாறு 1902-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மட்டும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டோர் 10,567 பேர்.

நோய் கண்டறியப்பட்டது, அதன்பின் நடந்தது யாது? பிள்ளை சீட்டு ஒன்றுடன் வீடு திரும்புவான். ஆங்கிலம் அறியாத தாய் அச்சீட்டைப் படிக்க இயலாது திகைப்பாள். மருத்துவரிடம் செல்லப் பொருள் இராது. பிள்ளை தெருவில் சுற்றித் திரிவான். மாலையில் பள்ளி விட்டதும் அவனுடைய தோழர் தெருவுக்கு வருவர். அவர்களோடு கூடி விளையாடுவான். வகுப்பறையில் தடுக்கப்பட்ட நோய் தெருவில் தடையின்றிப் பரவும். நோயும் நீங்கவில்லை, கல்வியும் போயிற்று. நோயைக் கண்டுபிடித்துக் கைவிடுவது காப்பாகாது. கண்டுபிடித்தவனைத் தொடர்ந்து சென்று குணப்படுத்துவதே காப்பு என்பதை அம்மையார் நகர அதிகாரிகளுக்கு எடுத்துரைத்தார்.

தம் நிலையத்துச் செவிலியர் ஒருவரைச் சோதனையாக ஒரு திங்களுக்குக் கொடுக்க அவர் முன்வந்தார். ஆனால் அதிகாரிகளிடம் முன்னதாக ஒரு வாக்குறுதி பெற்றார். முயற்சி வெற்றி பெறின், மருத்துவர்க்குப்போலவே செவிலியர்க்கும் நகரின் பொதுப்பொருளிலிருந்து ஊதியம் அளிக்க அவர்கள் துணைநிற்க வேண்டும் என்பதே அது. நற்பணி ஒன்று செல்வர் ஒருவரின் இரக்கத்தில் என்றும் தொங்கி நிற்றல் கூடாது. மக்களின் உரிமையாக அது நிலைபெற வேண்டும் என்பது அம்மையாரின் உறுதி.

1902-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் லினா ராஜர்ஸ் என்னும் செவிலியர் நான்கு பள்ளிகளில் பணி தொடங்கினார். தனியறையும் தக்க கருவிகளும் இல்லை. கிடைத்த மூலையே மருத்துவ அறை. சன்னலின் விளிம்பே மருந்து மேசை. மருத்துவர் சோதித்துக் குறித்துக் கொடுப்பார். சிறு புண்களையும் சிரங்கையும் ராஜர்ஸ் அங்கேயே கழுவி மருந்திட்டுக் கட்டி, மாணவரை உடனே வகுப்பிற்கு அனுப்புவார். பள்ளி நேரம் முடிந்தபின், வீட்டில் கவனிக்கப்பட வேண்டிய மாணவரின் இல்லங்களுக்குச் செல்வார். தலையை எவ்வாறு கழுவுவது, களிம்பை எவ்வாறு இடுவது, எந்த மருந்தகத்திற்குச் செல்வது என்பவற்றைத் தாய்க்குச் செய்து காட்டுவார். அந்த ஒரு திங்களில் அவர் 893 மாணவர்க்கு மருந்திட்டார். 137 வீடுகளுக்குச் சென்றார். அதுவரை எவ்வித மருத்துவ உதவியும் பெறாத 25 பிள்ளைகள் அவர் முயற்சியால் நலம்பெற்றுப் பள்ளிக்குத் திரும்பினர்.

அதிகாரிகள் வியந்தனர். மேலும் பன்னிரு செவிலியர் அமர்த்தப்பட்டனர். நகர ஆட்சியார் இப்பணிக்கென 30,000 டாலர் ஒதுக்கினர். ஓராண்டு கழிந்தது. 1903-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டோர் 1,101 பேர் மட்டுமே. முந்திய ஆண்டில் பத்துப்பேர் நீக்கப்பட்ட இடத்தில் இப்போது நீக்கப்பட்டவர் ஏறத்தாழ ஒருவர். சோதனை நிறுத்தப்படவில்லை, சோதித்தபின் செய்ய வேண்டிய தொண்டு சேர்க்கப்பட்டது. வேறுபாடு அவ்வளவே.

இவ்வித்து மேலும் தழைத்தது. 1908-ஆம் ஆண்டுக் கோடையில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. சாரா ஜோசபின் பேக்கர் என்னும் மருத்துவப் பெருமாட்டி, பள்ளிச் செவிலியரைக் கீழ்க்கிழக்குப் பகுதியில் புதிதாகப் பிறந்த குழந்தைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். குழந்தை நோயுறும் வரை காத்திராமல், பிறந்தவுடனேயே சென்று, தாய்ப்பால் ஊட்டுதல், குளிப்பாட்டுதல், காற்றோட்டம், மெல்லிய உடை ஆகியவற்றை அவர்கள் கற்பித்தனர். அக்கோடையில் அப்பகுதியில் இறந்த குழந்தைகளின் தொகை முந்திய கோடையினும் 1,200 குறைந்தது. மருத்துவமனை கட்டாமலே, புதுமருந்து காணாமலே காக்கப்பட்ட உயிர்கள் அவை.

நாடு தழுவிய தொண்டு

ஒரு தெருவில் தொடங்கிய பணி நாடு முழுவதும் பரவியது. 1909-ஆம் ஆண்டில் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தார், அம்மையாரின் தூண்டுதலால், தம்மிடம் காப்புறுதி செய்த தொழிலாளர் வீடுகளுக்குச் செவிலியரை அனுப்பத் தொடங்கினர். உயிர் நீடித்தால் கழகத்துக்கும் ஊதியம் உண்டு என்பதை அம்மையார் அவர்க்கு விளக்கியிருந்தார். அறமும் வணிகமும் ஒருவழியிற் செல்லுமாயின் அவ்வழியைப் பயன்படுத்த அவர் தயங்கவில்லை. 1912-ஆம் ஆண்டில் செஞ்சிலுவைச் சங்கத்தின் வாயிலாகச் சிற்றூர்களுக்கும் செவிலியர் செல்ல ஏற்பாடாயிற்று. அவ்வாண்டிலேயே பொதுச் சுகாதாரச் செவிலியரின் தேசியச் சங்கம் தோன்றியது. அதன் முதல் தலைவராக வால்டு அம்மையார் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

குழந்தைகளின் நலத்தை ஆராய நடுவண் அரசில் தனித்துறை வேண்டும் என்ற எண்ணமும் அம்மையார்க்கு உதித்ததே. பருத்திச் செடியை அழிக்கும் வண்டினால் விளைந்த கேட்டை ஆராய அரசின் வேளாண்மைச் செயலாளர் நேரிற் செல்கிறார் என்ற செய்தியை அவர் ஒருநாள் நாளிதழிற் படித்தார். பருத்திக்குக் காட்டும் அக்கறையை நாட்டின் குழந்தைப் பயிருக்கு எவரும் காட்டவில்லையே என்று அவர் எண்ணினார். புளோரன்சு கெல்லி முதலிய நண்பரோடு சேர்ந்து, பல ஆண்டுகள் அரசியல் தலைவர்களிடம் எடுத்துரைத்தார். இறுதியில் 1912-ஆம் ஆண்டில், குடியரசுத் தலைவர் டாப்டு காலத்தில், குழந்தைகள் துறை நிறுவப்பட்டது. குழந்தைகள் ஏன் இறக்கின்றன என்பதை வீடுவீடாகச் சென்று ஆராய்வது அதன் முதற்பணிகளுள் ஒன்றாயிற்று.

1918-ஆம் ஆண்டில் உலகையே நடுங்கச் செய்த கொள்ளைக் காய்ச்சல் நியூயார்க்கிலும் பரவியது. செவிலியரின் அவசரக் குழுவிற்கு அம்மையார் தலைமை தாங்கினார். பெண்கள் தெருக்களில் நின்று, தொண்டு செய்ய வாரீர் என அழைக்கும் தாள்களை வழங்கினர். பயிற்சி பெற்றோரும் பெறாதோரும் திரண்டுவந்து நோயாளர் வீடுகளில் பணிபுரிந்தனர்.

இத்துணைப் புகழ் பெற்றவர்க்கும் இடர்கள் இல்லாமல் இல்லை. அம்மையார் போரை வெறுத்தவர். முதல் உலகப் போரில் அமெரிக்கா ஈடுபடுவதை வெளிப்படையாக எதிர்த்தார். அதனாற் சினமுற்ற செல்வர் சிலர் தொண்டு நிலையத்திற்கு அளித்துவந்த பொருளை நிறுத்தினர். பொருள் குறைந்தபோதும் அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. செவிலியர் வீடுகளுக்குச் செல்வதும் நிற்கவில்லை.

இறுதி நாட்கள்

உடல்நலம் குன்றியமையால் அம்மையார் 1933-ஆம் ஆண்டில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகி, கனெக்டிகட் மாநிலத்திலுள்ள வெஸ்டுபோர்ட்டு என்னும் ஊரில் தங்கினார். தம் தொண்டு நிலையத்தின் வரலாற்றை அவர் இரு நூல்களாக எழுதியுள்ளார். முதல் நூல் 1915-ஆம் ஆண்டிலும், இரண்டாம் நூல் 1934-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. 1940-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள், தம் எழுபத்து மூன்றாம் வயதில் அவர் இயற்கை எய்தினார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. எனினும் அவர் வாழ்ந்த தெருவில் அவரைத் தம் குடும்பத்தவராகக் கருதாத வீடு அரிது.

அவர் நிறுவிய செவிலியர் பணி 1944-ஆம் ஆண்டில் தனி நிறுவனமாகப் பிரிந்து வளர்ந்தது. ஹென்றித் தெரு இல்லம் இன்றும் நின்று தொண்டாற்றி வருகிறது.

வாழ்வு தரும் பாடம்

மாணவர்களே! பள்ளியில் உங்கள் கண்ணையும் பல்லையும் தோலையும் சோதிக்கும் நாள் வரும்போது, அது வெறும் சடங்கென எண்ணி ஒதுங்கிவிடாதீர்கள். நோய் உங்களை வந்தடையுமுன் நீங்கள் அதனைச் சென்று காணும் நாள் அது. சோதனையில் குறை ஒன்று தெரியவரின், அதனை மறைத்து நாணுதலும் வேண்டா. சீட்டைப் பைக்குள் மடித்து மறந்துவிடுதலும் வேண்டா. குறை தெரிந்த அன்றே பெற்றோரிடம் கூறுங்கள். குணமாகும் வரை மருந்தை விடாதீர்கள். வகுப்புத் தோழன் ஒருவன் நோயினால் விலக்கப்பட்டால், அவனை எள்ளி நகையாடாமல், அவன் நலம்பெற்றுத் திரும்ப உதவுங்கள்.

ஒருவனிடம் நோய் உள்ளது என்று கூறுவது எளிது. கூறியபின் அவன் கையைப் பற்றி, அவன் வீட்டுப் படியேறி, அவன் நலம்பெறும் வரை உடன் நிற்பதே அரிது. வால்டு அம்மையார் அவ்வரிய பணியைச் செய்தார். அவரால் நோயின்றி வாழ்ந்தவர் பலருக்கு அவர் பெயர் தெரியாது. தெரியாமலிருப்பதே அப்பணியின் இயல்பு. அவ்வாறிருந்தும் அதனைச் செய்தமையே அவருடைய பெருமை.